பதினோரு அடி தூரம், ஏழு மாடி உயரம்

அந்த நிறுவனத்தில் ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு கோப்பு ஏழு மாடி ஏறி, ஏழு கையெழுத்து வாங்கிக்கொண்டு, முப்பத்தொன்பதே நிமிடத்தில் கீழே வந்து சேர்ந்தது.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். அங்கே வேலை பார்த்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கக்கூட மாட்டார்கள். சொன்னவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு நாற்காலியின் உடைந்த காலை ஒட்டித் தரச்சொல்லி அங்கே ஒருவர் எழுதிய கோப்பு, அவர் ஓய்வு பெற்று, அவர் மகளுக்கு அங்கேயே வேலை கிடைத்து, அந்த மகள் அதே நாற்காலியில் உட்கார்ந்து விழுந்து எழுந்த பிறகுதான் மூன்றாம் மாடியைத் தாண்டியது. அதுவும் "எந்தக் கால் என்று குறிப்பிடவும்" என்ற கேள்வியோடு திரும்பி வருவதற்காக.

நம்பாதவர்களில் முதல் ஆள் லிஃப்ட் அண்ணன். முப்பத்தொரு வருடமாக அந்தக் கட்டடத்தின் லிஃப்டை ஓட்டியவர். கோப்புகள் மேலே போவதையும் அவற்றை எழுதியவர்கள் நரைத்துக் கீழே வருவதையும் ஒரே முக்காலியில் உட்கார்ந்து பார்த்தவர். அவர் நம்பாததில் தப்பே இல்லை. அந்தக் கோப்பில் ஓடிக்கொண்டிருந்ததோ அவர் உயிர்.

கோப்பைக் கொண்டுபோனவளைக் கட்டடம் முழுக்கப் புரதக்காரி என்று கூப்பிடும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று கட்டிய கட்டடம் அது. அதன் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில் அவள் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தாள். வேலை இதுதான்: உடம்புக்குள் கட்டி ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடிப்போய், அதன் மேல் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு புரதம் ஒன்றை வடிவமைப்பது. அதன் வாலில் கதிர்வீசும் உலோகத்தில் ஒரு துளியைக் கட்டி ஊசி வழியாக அனுப்பினால், அது போய் உட்கார்ந்த இடம் ஸ்கேன் படத்தில் விளக்குப் போட்டதுபோல் தெரியும்.

நாற்பத்து மூன்று புரதம் செய்தாள். முதலாவது நேராகக் கல்லீரலுக்குப் போய்ப் புது மாப்பிள்ளைபோல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. ஏழாவது உடம்பு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு யாரோடும் பேசாமல் வெளியேறியது. பத்தொன்பதாவது கண்டவற்றில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. நாற்பத்து மூன்றாவது மட்டும் சொன்ன இடத்துக்குப் போய், சொன்ன வேலையைச் செய்துவிட்டு வந்தது. அந்தக் கட்டடத்தில் அப்படிச் செய்த ஒரே ஆள் அதுதான்.

இனிமேல் கஷ்டம் இல்லை என்று நினைத்தாள், பாவம். புரதத்தை ஆட்களுக்குச் செலுத்திப் பார்க்கும் அனுமதி மூன்று வருடத்தில் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: உள்நகர்வு அனுமதி. அவள் அறைக் கதவும் எதிரே இருக்கும் ஸ்கேன் அறைக் கதவும் பதினோரு அடி தள்ளி. அந்தப் பதினோரு அடியைப் பொருள் கடக்க வேண்டுமானால், அதற்கான கோப்பு முதல் மாடியிலிருந்து ஏழாம் மாடி வரை மாடிக்கு ஓர் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

அந்த உலோகமோ பொறுமை இல்லாதது. அறுபத்தெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதன் கதிர் பாதியாகத் தேய்ந்துபோகும். விஞ்ஞானத்தில் அதற்கு அரை ஆயுள் என்று பெயர். பத்து அலகோடு கிளம்பினால் ஐந்துக்குக் கீழே போவதற்குள் ஊசி ஏற வேண்டும். அதற்குக் கீழே போனால் படம் மங்கிவிடும்.

முதல் முயற்சியில் கோப்பும் பொருளும் முதல் மாடியிலேயே நின்றன. பண்டகக் காப்பாளர் காலை பத்து மணிக்கு, கதிர் வெளியே வராமல் பொருளை அடைத்து வைத்திருந்த ஈயப் பானையை வாங்கி அளந்து, "பத்து அலகு" என்று பேரேட்டில் எழுதி, பேனாவை மூடி, தேநீருக்குப் போனார். ஒரு மணி எட்டு நிமிடம் கழித்து வந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு முறை அளப்பது அவர் வழக்கம்.

"என்னம்மா இது, அஞ்சுதான் காட்டுது?"

"தேய்ஞ்சுபோச்சு சார்."

"யார் தேய்ச்சது?"

"யாரும் தேய்க்கல சார். அதுவா தேயும். அதோட குணம் அது."

"நல்ல குணம்மா! இருபத்தாறு வருஷமா இந்த அறையில ஒரு குண்டூசி தேஞ்சதில்ல. உன் சாமான் மட்டும் வந்த அன்னைக்கே பாதி காணோம். மீதி அஞ்சு எங்க?"

"எங்கயும் இல்ல சார்."

"எங்கயும் இல்லாம எப்படிம்மா போகும்? ஒண்ணு இங்க இருக்கணும், இல்ல எவன் வீட்லயாவது இருக்கணும்."

மாலைக்குள் திருட்டு விசாரணைக்கு மூன்று பேர் குழு அமைந்தது. குழு அவள் மேசை இழுப்பறைகளைத் திறந்து பார்த்தது. மேல்கோட்டின் பைகளைத் தலைகீழாக உதறியது. லிஃப்ட் அண்ணனைக் கூப்பிட்டு, அன்று யாராவது ஐந்து அலகைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்களா என்று கேட்டது.

"எவ்வளவு பெருசுங்க இருக்கும்?" என்று கேட்டார் அவர்.

குழுவில் யாருக்கும் தெரியவில்லை. "கண்ணுக்குத் தெரியாத சைஸ்" என்று குறித்துக்கொண்டார்கள்.

"அப்படின்னா நிறைய பேர் தூக்கிட்டுப் போயிருக்காங்க. என் கண்ணுக்கு எதுவும் தெரியலயே" என்றார் லிஃப்ட் அண்ணன்.

குழுவின் முன் ஐந்தாம் மாடித் தணிக்கை அதிகாரி ஆற்றிய உரை பின்னால் நிறுவன மலரிலும் வந்தது. "நான் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. விஞ்ஞானம் தாராளமாக வளரட்டும். ஆனால் என் மேசைக்கு வரும்போது அது எண்ணிக்கையில் குறையக்கூடாது. என் பணிக்காலத்தில் இந்த நிறுவனம் எந்த நோயையும் குணப்படுத்தவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பொருள்கூடத் தொலைந்ததில்லை. வருங்காலம் எதை நினைத்துப் பெருமைப்படும் என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்." கைதட்டல் இருந்தது என்று மலர் சொல்கிறது.

புரதக்காரி அரை ஆயுள் என்றால் என்ன என்று பலகையில் படம் வரைந்து விளக்கினாள். தலைகள் ஆடின. விளக்கியது தப்பாகப் போனது. குழு அதைப் புரிந்துகொண்டுவிட்டது. அறுபத்தெட்டு நிமிடம் என்பது குறுகிய காலக்கெடு. குறுகிய காலக்கெடு என்றால் நீட்டிப்பு உண்டு. நீட்டிப்பு கொடுப்பது இயக்குநரின் அதிகாரம். பத்து நாளில் ஆணை வந்தது:

"மேற்படி பொருளின் அரை ஆயுள் அலுவல் நடைமுறைக்குப் போதுமானதாக இல்லை என அறிய வருவதால், அது தொண்ணூறு நாட்களாக நீட்டிக்கப்படுகிறது. இந்த ஆணை உடனே அமலுக்கு வரும். நகல்: பண்டக அறை, தணிக்கைப் பிரிவு, மேற்படி பொருள்."

மேற்படி பொருளுக்கான நகலை ஈயப் பானையின் மேல் ஒட்டச் சொன்னார்கள். பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் வேண்டும் என்றார்கள். பொருளுக்கு எழுத வராது என்பதால் "பொருளுக்காக" என்று போட்டு அவளே கையெழுத்திட்டாள். அதைப் போடும்போது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டுமே. அன்று மாலை அறையின் விளக்கை அணைக்கவும் கை எழாமல், எரியட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள்.

இதற்கு நடுவில்தான் லிஃப்ட் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. ரத்தப் பரிசோதனை வயிற்றுக்குள் எங்கோ கட்டி இருக்கிறது என்று அடித்துச் சொன்னது. எங்கே என்று எந்த ஸ்கேனும் சொல்லவில்லை. "எங்க இருக்குன்னு தெரியாம நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார் அறுவை மருத்துவர். "இடத்தைக் காட்டுங்க, அடுத்த வெள்ளிக்கிழமை காலையில எடுத்துடறேன். அதை விட்டா என் நாள் குறிப்பேட்டுல நாலு மாசத்துக்கு இடமில்ல." நாலு மாதம் அந்தக் கட்டி சும்மா இருக்காது என்பதை அவர் சொல்லவில்லை, அண்ணனின் மனைவியைப் பார்த்தபடி கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த வகைக் கட்டியைத்தான் நாற்பத்து மூன்றாவது புரதம் தேடிப்போய் ஒட்டும். புரதக்காரி கோப்பில் அவருடைய நோயாளி எண்ணை எழுதினாள். கோப்பை மேலே கொண்டுபோனவரும் அவர்தான்.

"தங்கச்சி, உங்க கோப்பு நேத்தும் முதல் மாடியில தூங்கிட்டிருந்துச்சு. போர்வையப் போர்த்திவிட்டுட்டு வந்தேன்" என்பார் லிஃப்டில்.

"அது உங்க கோப்பு அண்ணே."

"எனக்குத் தெரியாதா? அதான் போர்வை. மத்தவங்க கோப்புக்கு விசிறி மட்டும்தான்."

இரண்டாம் முயற்சியில் பண்டகக் காப்பாளர் மிகவும் உற்சாகமாக இருந்தார். தொண்ணூறு நாள் நீட்டிப்பு இருக்கும்போது அவசரம் எதற்கு? பானையை அலமாரியில் வைத்துப் பூட்டி, ஒரு திருமணத்துக்காக இரண்டு நாள் விடுப்பில் போய்விட்டார். திரும்பி வந்து திறந்து அளந்தபோது ஒன்றுமே இல்லை. "ஆணைக்குக் கீழ்ப்படியாமை குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்" என்று அறிவிப்பு ஒன்று பானைக்கு வந்தது. திருட்டு விசாரணை அவள்மேல் அப்படியே நின்றது. இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்று நிர்வாகத்தில் அன்போடு சொன்னார்கள்.

புதன்கிழமை ஆனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் படியில் உட்கார்ந்து உள்நகர்வுப் படிவத்தை வெறித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத்தை நூறு முறை படித்தாயிற்று. சலித்துப்போய்த் திருப்பினாள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் விதிகள். அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து யாரும் அவற்றைப் படித்ததில்லை என்று தாள் மடிப்பே சொன்னது. பதினான்காவது விதி: "ஒவ்வோர் அதிகாரியும் பொருளை நேரில் பார்வையிட்டு, பொருள் தம் மேசை மேல் இருக்கும்போதே கையெழுத்திட வேண்டும். கையெழுத்தாகும் வரை பொருள் மேசையை விட்டு அகலக் கூடாது."

ஏழு அதிகாரிகளிடமும் "நேரில் பார்வையிட்டேன்" என்று ரப்பர் முத்திரை இருந்தது. காப்பாளரைத் தவிர எவரும் ஒருநாளும் எதையும் பார்வையிட்டதில்லை. பொருள் கீழே இருக்கும், கோப்பு மேலே இருக்கும், முத்திரை நடுவில் விழும். அதுதான் காலம் காலமாக அங்கிருந்த வழக்கம்.

விதியை ஒருவர் அப்படியே கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் யோசிக்கவில்லை. அப்படி ஒரு துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

வியாழன் மதியம் இரண்டு நாலு. ஸ்கேன் அறைப் படுக்கையில் அண்ணன் படுத்திருந்தார்; பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி. எதிர் அறையில் பத்து அலகு தயார். புரதக்காரி ஈயப் பானையைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். பக்கத்தில், கதிர் பட்டால் டிக் டிக் என்று எண்ணும் பெட்டியை வைத்தாள். பானையின் சுவர் நாலு விரல் கனம். அதிலிருந்து வெளியே வருவது வெயிலில் நிற்பவனுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. ஆனால் அந்தப் பெட்டி சும்மா இருக்கும்போதும் டிக் டிக் என்றுதான் சொல்லும். பெட்டியின் சுபாவம் அது. அவள் என்ன செய்ய முடியும்?

லிஃப்டில் அன்று மாற்று ஆளாகத் தோட்டக்காரர் இருந்தார். லிஃப்ட் அண்ணன் படுக்கப் போகுமுன் அவரிடம் ஒப்படைத்தது இரண்டு: முக்காலி, லிஃப்ட் குறிப்பேடு. யார் ஏறினாலும் மாடி, நேரம், கையில் என்ன என்று எழுதியாக வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு வரி தவறியதில்லை.

முதல் மாடி. பண்டகக் காப்பாளர் பானையைக் கண்டதும் வழக்கம்போல், "வெச்சுட்டுப் போம்மா, பார்க்கிறேன்" என்றார்.

"வெச்சுட்டுப் போகக்கூடாதாம் சார். விதி பதினாலு. நீங்க கையெழுத்துப் போடற வரைக்கும் இது உங்க மேசையிலதான் இருக்கணும். நானும் கூடவே நிக்கணும்." பெட்டியை அவருடைய சாப்பாட்டு டப்பாவுக்கும் பேரேட்டுக்கும் நடுவில் வைத்தாள்.

டிக். டிக் டிக்.

"இது என்ன சத்தம்?"

"எண்ணுது சார்."

"எதை எண்ணுது?"

"வர்றதை."

"எங்க வர்றதை?"

"பயப்படாதீங்க சார். பானை மூடித்தான் இருக்கு. ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாது என்ற சொல் ஓர் அலுவலகத்தில் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். காப்பாளர் அளக்கும் கருவியைத் தேடவில்லை, இரண்டாவது முறை அளக்கவில்லை, பேனாவையும் மூடவில்லை. ஒரே இழுப்பில் கையெழுத்து. மூன்று நிமிடம்தான், அதில் இரண்டு நிமிடம் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து போனதற்கு.

இரண்டாம் மாடியில் பாதுகாப்பு அதிகாரி. "கதிரைக் கண்டு அஞ்சேல்" என்ற சுவரொட்டிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர். கையெழுத்தைக் கையை மட்டும் நீட்டிப் போட்டார். தலை சன்னலுக்கு வெளியே இருந்தது. மூன்றாம் மாடிப் போக்குவரத்து அதிகாரி, பதினோரு அடிப் பயணத்துக்கும் வாகன எண் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர், இந்த முறை தள்ளுவண்டியின் சக்கரத்தை எட்டிப் பார்த்தார்.

"வண்டிக்குப் பதிவு எண் எங்க?"

"எழுதிட்டு வர்றேன் சார். அதுவரைக்கும் இது இங்கயே..."

"வேணாம் வேணாம்! நடந்து போனா வாகனம் இல்லன்னு நானே எழுதிக்கிறேன்."

நான்காம் மாடியில் நிர்வாக அதிகாரி இடைவேளையில் இருந்தார். வழக்கமாக ஐந்தரைக்குத்தான் வருவார். பானை அவர் மேசையில் காத்திருக்கிறது என்று அறையிலிருந்தவர்கள் ஐந்து பேர் ஓடிப்போய் அழைத்து வந்தார்கள். அவர் வாழ்க்கையில் அவரை அவ்வளவு பேர் தேடியது அன்றுதான். கண்ணில் லேசாக நீர்கூட இருந்தது.

ஐந்தாம் மாடியில்தான் அவள் பயந்தாள். தணிக்கை அதிகாரி பானைக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோப்பைப் புரட்டினார்.

"கீழ பத்துன்னு இருக்கு. இங்க அளந்தா?"

அளந்தாள். எட்டு புள்ளி மூன்று.

"பார்த்தீங்களா! ஒத்துப்போகல. திருப்பி அனுப்பறேன்."

"சரி சார். எட்டுன்னு திருத்திட்டு வர்றேன்."

"இருங்க. இப்ப எட்டு புள்ளி ரெண்டுதானே காட்டுது?"

"ஆமா சார். நீங்க பார்த்துட்டிருக்கும்போதே குறையுது."

தணிக்கை அதிகாரி வாயைப் பிளந்தார். இருபது வருடமாக ஒவ்வொரு குறைவையும் அது நடந்து முடிந்த பிறகே பார்த்தவர். நடந்துகொண்டிருக்கும்போது பார்ப்பது இதுதான் முதல் தடவை. "நிறுத்துங்க அதை!" என்றார்.

"நீட்டிப்பு ஆணையக் காட்டிட்டேன் சார். பானை மேலதான் ஒட்டியிருக்கு. அது படிக்க மாட்டேங்குது."

எட்டு புள்ளி ஒன்றாகப் போனது. இவர் யோசிக்க யோசிக்கக் கணக்கு கெட்டுக்கொண்டிருந்தது. ஒரு கணம் தணிக்கைத் துறையின் மொத்த அறிவும் அவர் நெற்றியில் ஏறி இறங்கியது. வேகமாகக் கையெழுத்துப் போட்டால்தான் எண் கொஞ்சமாவது ஒத்துப்போகும். "எட்டு!" என்று கத்திக்கொண்டே எழுதினார், "எட்டுன்னே இருக்கட்டும்! ஓடுங்க, ஓடுங்க, குறையறதுக்குள்ள மேல போங்க!"

ஆறாம் மாடித் துணை இயக்குநர் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கையெழுத்திட்ட தாளைக் கதவுக்குக் கீழே தள்ளினார். பொருளை நேரில் பார்வையிட்டதாகச் சாவித் துவாரத்தின் வழியே உறுதியும் அளித்தார்.

ஏழாம் மாடி. இயக்குநர் அப்போது அச்சமின்மை வார நிறைவு உரையை எழுதிக்கொண்டிருந்தார். பானை அந்த உரையின் மேலேயே உட்கார்ந்தது. "நம் நிறுவனத்தில் எவரும் எதற்கும் அஞ்சுவதில்லை" என்ற வரி பானைக்கு அடியில் மறைந்தது. டிக் டிக் டிக்.

"இத... இத எடுங்க."

"கையெழுத்து ஆனதும் எடுத்துடறேன் சார். விதிப்படி அதுவரைக்கும் எடுக்கக்கூடாது."

"நான் போட்டுட்டேன்! போட்டுட்டேன்னு நினைச்சுக்கங்க!"

"நினைச்சுக்க முடியாது சார்."

போட்டார். மையில் பேனாவைத் தொட மறந்துபோய், காய்ந்த நிப்பால் தாள் கிழியும்வரை போட்டார். பிறகு மையில் தொட்டு மேலேயே இன்னொரு தடவை போட்டார். ஒரே படிவத்தில் இயக்குநரின் இரண்டு கையெழுத்து இருப்பது அந்தப் படிவத்தில் மட்டும்தான். அவள் லிஃப்டுக்கு வருவதற்குள் அவர் அவளை முந்திக்கொண்டு படியில் இறங்கிப் போனார்.

இரண்டு நாற்பத்து மூன்று. கீழ்த்தளம். பத்தில் ஆறு புள்ளி ஏழு பானையில் மிச்சம். அவள் கோப்பைத் தூக்கிக் காட்டிக்கொண்டே ஸ்கேன் அறைக்குள் ஓடினாள். பதினோரு வருடத்தில் அவள் ஓடியதே அன்றுதான்.

"ஆச்சு அண்ணே! ஏழும் ஆச்சு! கையக் குடுங்க."

லிஃப்ட் அண்ணன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எத்தன மணிக்குப் போனீங்க?"

"ரெண்டு நாலு."

"இப்ப?"

"ரெண்டு நாப்பத்து மூணு."

அவர் அவளைப் பார்த்தார். திட்டும் பார்வை இல்லை, பாவப்படும் பார்வை. "தங்கச்சி, முப்பத்தொரு வருஷம் அந்தக் கூண்டுல இருந்திருக்கேன். நாற்காலிக் கால் கோப்பு எத்தன வருஷம் போச்சுன்னு எனக்குத் தெரியும். முப்பத்தொம்போது நிமிஷத்துல ஏழு கையெழுத்தா? உண்மையச் சொல்லுங்க. நீங்களே போட்டீங்களா?"

"அண்ணே!"

"எனக்காகப் போட்டிருக்கீங்க. புரியுது. ஆனா ஏற்கெனவே உங்க மேல திருட்டு விசாரணை இருக்கு. கள்ளக் கையெழுத்துன்னு நாளைக்குக் கண்டுபிடிச்சா வேலை போயிடும், ஜெயிலு வேற. பதினோரு வருஷ வேலை. நான் ஒருத்தன் அதுக்காக... வேணாம். எடுத்துட்டுப் போங்க."

"சாகணும்னு ஆசையா உங்களுக்கு?" என்றாள் அண்ணி. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த குரல். "கையக் குடுங்கன்னு சொல்றாங்கல்ல?"

"நீ சும்மா இரு. உனக்கு அந்தக் கட்டடத்தப் பத்தித் தெரியாது."

மூன்று பன்னிரண்டுக்குப் பானையில் ஐந்து அலகாகிவிடும். கடிகாரம் இரண்டு நாற்பத்தொன்பது. அவள் கோப்பைப் பிரித்துக் காட்டினாள். கையெழுத்தெல்லாம் எவனும் போடலாம் என்றார். தொலைபேசியில் இயக்குநரைக் கூப்பிடுகிறேன் என்றாள். அவரைக் காணோமாம், தேடுகிறார்களாம் என்றாள் தாதி. புரதக்காரி சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். ஏழு மாடியும் ஏறி இறங்கியாயிற்று. எட்டாவது மாடி இந்தப் படுக்கையில் படுத்திருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. அந்த நிறுவனம் செய்த காரியங்களிலேயே கெட்டிக்காரத்தனமான காரியம் இதுதான்: தான் ஒருநாளும் நன்றாக வேலை செய்யாது என்று, ஒரு நல்ல மனிதரின் உயிர் போகும் அளவுக்கு அவரை நம்ப வைத்திருந்தது.

அப்போது அவளுக்கு அது தோன்றியது. நடைக்கு ஓடிப்போய்த் தோட்டக்காரரைக் கூப்பிட்டாள். அவர் முக்காலியை விட்டு வரமாட்டேன், அண்ணன் திட்டுவார் என்றார். குறிப்பேட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

லிஃப்ட் அண்ணன் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாதி விரட்டியும் படுக்கவில்லை. தோட்டக்காரரின் கையெழுத்து, பாத்தி கட்டியதுபோல் வரிசையாக:

"2.04 கீழ்த்தளம். புரத அம்மா ஏறினார். குண்டுப் பானை 1. டிக் டிக் பெட்டி 1. 2.05 முதல் மாடி. இறங்கினார். 2.09 ஏறினார். பானை உண்டு. பெட்டி உண்டு..."

விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"2.40 ஏழாம் மாடி. ஏறினார். இயக்குநர் அய்யா படி வழியாக ஓடினார். கும்பிட்டேன். கவனிக்கவில்லை. 2.43 கீழ்த்தளம். அம்மா ஓடினார். கும்பிடவில்லை, நேரம் இல்லை."

"நேரத்துக்குக் கீழ கோடு போடணும்னு இவனுக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்று முணுமுணுத்தார். பிறகு குறிப்பேட்டை மூடினார். "சரி. குறிப்பேட்டுல இருக்கு. நாளைக்கு யாரு கேட்டாலும் இதக் காட்டலாம், உங்க வேலைக்கு ஆபத்தில்ல. ஊசி போடச் சொல்லுங்க." கையை நீட்டினார். "ஆனா நான் நம்பல."

"இன்னுமா?"

"தோட்டக்காரன் நல்லவன். நீங்க கெஞ்சினா ஒரு பக்கம் எழுதிக் குடுத்திருப்பான்."

ஊசி ஏறும்போது மணி மூன்று ஐந்து.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். புரதம் தன் பாட்டுக்குத் தேடிக்கொண்டு போகும். அவளும் அண்ணியும் நடையில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணி பையைத் திறந்தாள், மூடினாள். புரதக்காரி தூங்கிப்போனாள், அண்ணியின் தோளில். எழுப்பியது தாதி.

திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உடம்பு. அண்ணன் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த ரெண்டும் என்ன, இப்படி எரியுது?"

"சிறுநீரகம் அண்ணே. அது எல்லாருக்கும் எரியும். மருந்து அது வழியாத்தான் வெளிய போகும்."

"இது?"

வயிற்றின் நடுவில், மற்ற எல்லாம் இருட்டாக இருக்க, மிளகளவு ஒரு புள்ளி. மூன்று மாதமாக எந்தப் படத்திலும் வராத புள்ளி. புரதக்காரி அதன் மேல் விரலை வைத்தாள். அண்ணி திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, பையைத் தரையில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அறுவை மருத்துவருக்குச் சொல்லத் தாதி ஓடினாள். நாளை காலை வெள்ளிக்கிழமை.

லிஃப்ட் அண்ணன் அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது; மனக்கணக்கு.

"அந்த உலோகம் அரை மணி நேரம் கூடுதலா மேல தங்கியிருந்தா இது தெரியுமா, தங்கச்சி?"

"தெரியாது அண்ணே. மங்கிப் போயிருக்கும்."

"ஒரு நாள் தங்கியிருந்தா?"

"ஒண்ணுமே இருக்காது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார். புள்ளி அங்கேயே இருந்தது.

"அப்ப நடந்திருக்கு" என்றார் மெதுவாக. "பானை மேல போனது குறிப்பேட்டுல இருக்கு, நேரத்துக்கு இறங்கினது இங்க எரியுது. முப்பத்தொம்போது நிமிஷம். ஏழு மாடி. நம்ம கட்டடத்துல." தலையை ஆட்டினார். "நடந்திருக்கு தங்கச்சி."